மெதுவாகிப்போன கணினி: கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே நான்கு கட்டளைகள்

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-ஆம் தேதி தொடங்கியபோது, பிள்ளைகளின் இயங்கலை வகுப்புக்காக அவசர அவசரமாக மடிக்கணினி வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். புதிது வாங்க வசதி இல்லாதவர்கள், பிறர் பயன்படுத்திய பழைய கணினியை வாங்கினார்கள். அவற்றில் பல இன்றும் வீட்டு மேசையில்தான் இருக்கின்றன. ஆனால் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு குவளை தேநீர் கலக்கிக் குடித்து முடித்த பிறகுதான் திரை முழுதாக வருகிறது. ஓர் ஆவணத்தைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த நிலையில் பெரும்பாலோர் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது. இன்னொன்று, கடையில் கொடுத்து ‘ஃபார்மட்’ செய்யச் சொல்வது. முதல் முடிவு பெரும் செலவு. இரண்டாவது முடிவில், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கணினியைக் கொடுத்துவிட்டால், பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்திலிருந்து தாத்தாவின் கடைசிப் படம் வரை எல்லாம் அழிந்துபோகலாம்.

இவ்விரண்டுக்கும் முன்பு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு வேலை உண்டு. விண்டோஸ் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நான்கு கட்டளைகள் போதும். எதையும் பதிவிறக்க வேண்டாம். யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம். ஆனால் வரிசை முக்கியம். முதல் மூன்று கட்டளைகளும் கணினியின் நலத்தை விசாரிப்பவை. நான்காவதுதான் வேலை செய்வது. விசாரிக்காமல் நேராக நான்காவதுக்குப் போனால், சாகும் தறுவாயில் இருக்கும் வன்தட்டை நாமே கொன்றுவிடக்கூடும்.

வன்தட்டுக்குள் என்ன நடக்கிறது?

பழைய கணினிகளில் இருக்கும் வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், உண்மையிலேயே சுழலும் தட்டு. மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. மேசைக் கணினிகளில் 7,200 முறை சுற்றுவது வழக்கம். தட்டின் மேல் ஒரு மெல்லிய கை அங்குமிங்கும் ஓடி, எழுதவும் படிக்கவும் செய்கிறது. பழைய இசைத்தட்டுப் பெட்டியை நினைத்துக்கொண்டால் உருவம் புரியும்.

நாம் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது கணினி அதை 4 கிலோபைட் அளவுள்ள சிறு கட்டங்களாகத்தான் தட்டில் வைக்கிறது. 4 மெகாபைட் படம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கட்டங்கள் வேண்டும். தட்டு காலியாக இருக்கும்போது இந்த ஆயிரம் கட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிடும். சில ஆண்டுகள் எழுதியும் அழித்தும் புழங்கிய தட்டில் அப்படித் தொடர்ச்சியான இடம் கிடைப்பது அரிது.

நம் தோட்டத்து வழக்கத்தில் சொன்னால் இது எளிதாக விளங்கும். பால்மரக் காட்டில் ஒரு வெட்டுக்காரருக்கு ஐந்நூறு மரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்நூறும் ஒரே நிரையாக, அடுத்தடுத்து இருந்தால் விடியற்காலையில் தொடங்கிய வேலை நேரத்தோடு முடிந்துவிடும். ஆனால் வேலையை விட்டுப் போனவர்களின் மரங்கள் காடெங்கும் அங்கங்கே காலியாக இருக்கின்றன. புதிதாக வருபவருக்கு மண்டோர் அந்தக் காலி மரங்களையே பிரித்துக் கொடுக்கிறார்: மேட்டில் இருபது, ஆற்றோரம் முப்பது, அடுத்த மலையில் பத்து. மரம் அதே ஐந்நூறுதான். வெட்டும் கையும் அதே கைதான். ஆனால் பொழுதெல்லாம் நடையிலேயே போய்விடுகிறது.

வன்தட்டிலும் இதுதான் நடக்கிறது. பழைய கோப்புகளை அழிக்கும்போது ஆங்காங்கே காலியிடம் உண்டாகிறது. புதிய கோப்பு துண்டு துண்டாக அந்த இடங்களில் போய் உட்காருகிறது. படிக்கும்போது கை ஒவ்வொரு துண்டுக்கும் ஓட வேண்டியிருக்கிறது.

இந்த நடைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் ஏறக்குறைய 11 மில்லிவிநாடி. வேண்டிய இடம் கைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். கை நகர்வதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிவிநாடி ஆகும். ஆக ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குத் தாவ ஏறத்தாழ 15 முதல் 18 மில்லிவிநாடி. கண் சிமிட்டுவதைவிடக் குறைவான நேரம்தான். ஆனால் ஆயிரம் துண்டுகள் என்றால் 15 முதல் 18 விநாடி. கணினி தொடங்கும்போது ஒரு கோப்பையா படிக்கிறது? நூற்றுக்கணக்கான கோப்புகளைப் படிக்கிறது. நம் தேநீர் ஆறிப்போகும் காரணங்களில் ஒன்று இது.

சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுத்தடுத்து வைப்பதற்குத்தான் ‘டிஃப்ராக்’ என்று பெயர். மண்டோர் ஒரு நாள் உட்கார்ந்து நிரைகளையெல்லாம் மாற்றி எழுதி, ஒவ்வொருவருக்கும் தொடர்ச்சியான மரங்களைக் கொடுப்பது போன்றது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1993-இல் வந்த டாஸ் 6-லேயே இந்தக் கருவி இருந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்திலிருந்து கட்டளையாகவே தட்டச்சு செய்து இதை இயக்க முடிகிறது.

எதற்கும் முன்பு, நகல்

கருப்புத் திரையைத் திறப்பதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. படங்கள், பிள்ளையின் பாட ஆவணங்கள், வீட்டுக் கணக்கு, ஆலயக் கணக்கு, சங்கத்துப் பதிவுகள் ஆகிய அனைத்தையும் வெளியே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். வெளிப்புற வன்தட்டு, விரலி, இணையச் சேமிப்பு என்று எது கையில் இருக்கிறதோ அதில் வையுங்கள். டிஃப்ராக் கோப்புகளை அழிப்பதில்லை; இடம் மாற்றும்போது முதலில் நகலெடுத்து, அது சரியாக அமைந்த பிறகே பழைய இடத்தை விடுகிறது. ஆயினும் அது தட்டு முழுவதையும் மணிக்கணக்கில் ஓட வைக்கும் வேலை. பழுதான தட்டுக்கு அந்த உழைப்பே கடைசி உழைப்பாகிவிடலாம்.

நகல் எடுக்கும்போதே தட்டின் நிலை ஓரளவு தெரிந்துவிடும். ‘டிக், டிக்’ என்று சத்தம் வருகிறதா? ஒரு குறிப்பிட்ட கோப்பில் வந்ததும் கணினி உறைந்து நிற்கிறதா? நேற்று இருந்த கோப்பு இன்று திறக்க மறுக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்கு இல்லை. அதிமுக்கியமானவற்றை முதலில் காப்பாற்றிவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, தட்டை மாற்றும் வழியைப் பாருங்கள்.

கருப்புத் திரையைத் திறப்பது

விண்டோஸ் பொத்தானை அழுத்தி, ஆங்கில எழுத்தில் சி, எம், டி என்று மூன்றெழுத்தைத் தட்டச்சு செய்யுங்கள். ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்று ஒரு வரி தோன்றும். அதன் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து, ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி கேட்டால் ‘யெஸ்’ சொல்லுங்கள். இந்த அனுமதி இல்லாமல் திறந்தால், உரிமை போதவில்லை என்று கட்டளை நின்றுவிடும். சரியாகத் திறந்திருந்தால் கருப்புச் சன்னலின் தலைப்பில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற சொல் இருக்கும்.

கட்டளைகளைச் சின்ன ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்யலாம். இரண்டு குறிகள் தேவைப்படும். முக்காற்புள்ளி, எல் என்ற எழுத்துக்கு வலப்பக்கத்து விசையில் இருக்கிறது. ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். சாய்கோடு, கேள்விக்குறி இருக்கும் அதே விசையில் இருக்கிறது, ஷிஃப்ட் வேண்டாம். வேறு பக்கம் சாய்ந்த இன்னொரு கோடும் விசைப்பலகையில் உண்டு. அது வேலைக்கு ஆகாது.

முதல் கட்டளை: வட்டு எந்த வகை, நலமா?

பவர்ஷெல் கெட்-ஃபிசிக்கல்டிஸ்க்

எழுத்தெழுத்தாக: பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், எஸ், எச், இ, எல், எல். ஓர் இடைவெளி. பிறகு ஜி, இ, டி, ஒரு சிறுகோடு, பி, எச், ஒய், எஸ், ஐ, சி, ஏ, எல், டி, ஐ, எஸ், கே. இடையில் வேறு இடைவெளி கூடாது. முடித்ததும் ‘என்டர்’.

சில விநாடிகளில் ஒரு சிறு அட்டவணை வரும். அதில் இரண்டு பத்திகளை மட்டும் பாருங்கள். ‘மீடியா டைப்’ என்ற பத்தியில் எச்.டி.டி. என்றிருந்தால் அது சுழலும் வன்தட்டு. எஸ்.எஸ்.டி. என்றிருந்தால் சுழலும் பாகம் எதுவும் இல்லாத புதிய வகை. ‘ஹெல்த் ஸ்டேட்டஸ்’ என்ற பத்தியில் ‘ஹெல்தி’ என்றிருக்க வேண்டும். ‘வார்னிங்’ என்றோ ‘அன்ஹெல்தி’ என்றோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நகல், பிறகு புதிய வட்டு, அதுதான் வழி.

‘ஹெல்தி’ என்று வந்துவிட்டதாலேயே தட்டு பல்லாண்டு வாழும் என்று உத்தரவாதம் இல்லை. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று கிளினிக்கில் சொல்வதைப் போன்றது இது. நல்ல செய்திதான், ஆனால் நகல் எடுக்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

சில கணினிகளில் வகை என்னவென்று தெரியாமல் ‘அன்ஸ்பெசிஃபைடு’ என்று வரும். அப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் விண்டோஸ் 11-லும், அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் வட்டின் பெயருக்குக் கீழே வகை எழுதியிருக்கும். விண்டோஸ் 7 வைத்திருப்போருக்கு இந்த முதல் கட்டளை வேலை செய்யாது. அவர்களுடைய பழைய கணினியில் பெரும்பாலும் சுழலும் தட்டுதான் இருக்கும். காதை வைத்துக் கேட்டாலே மெல்லிய ஓட்டச் சத்தம் தெரியும்.

எஸ்.எஸ்.டி. என்றால் துண்டு சேர்க்க வேண்டாம்

எஸ்.எஸ்.டி.யில் ஓடும் கையும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. எந்தக் கட்டமாக இருந்தாலும் மின்சாரமே போய் எடுத்து வருகிறது. ஐந்நூறு மரமும் வெட்டுக்காரரின் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நிரை மாற்றி எழுதினாலும் எழுதாவிட்டாலும் நடை மிச்சமாகப் போவதில்லை.

பயன் இல்லை என்பது மட்டுமல்ல, தேய்மானமும் உண்டு. எஸ்.எஸ்.டி.யின் ஒவ்வொரு பகுதியையும் இத்தனை முறைதான் அழித்து எழுத முடியும் என்று ஓர் எல்லை இருக்கிறது. மரத்தில் பட்டை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் வெட்டு. காரணமில்லாமல் கத்தி போட்டால் பட்டைதான் வீணாகும். எஸ்.எஸ்.டி.க்கு வேண்டியது ‘டிரிம்’ எனப்படும் வேறொரு பராமரிப்பு. அழித்த கோப்புகளின் இடம் இனித் தேவையில்லை என்று வட்டுக்குத் தெரிவிப்பதே அதன் வேலை. விண்டோஸ் அதைத் தானே செய்துகொள்கிறது. நாமே செய்ய வேண்டுமானால், கீழே வரும் நான்காவது கட்டளையே வட்டின் வகையைப் பார்த்து டிரிம் செய்யும்.

விரலிகளும் கேமரா அட்டைகளும் இதே இனம்தான். அவற்றுக்கும் டிஃப்ராக் வேண்டாம்.

இரண்டாம் கட்டளை: கணக்குப் புத்தகம் சரியா?

செக்டிஸ்க் சி:

எழுத்தெழுத்தாக: சி, எச், கே, டி, எஸ், கே. ஓர் இடைவெளி. சி, முக்காற்புள்ளி.

எந்தக் கோப்பின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று வட்டில் ஒரு பதிவேடு இருக்கிறது. மண்டோரின் கணக்குப் புத்தகம் போன்றது. புத்தகத்தில் பிழை இருக்கும்போது நிரை மாற்றினால் குழப்பம் இன்னும் பெருகும். அதனால்தான் பதிவேட்டில் பழுது இருப்பதாகக் குறிக்கப்பட்ட வட்டில் டிஃப்ராக் ஓடவே மறுக்கும்.

இந்தக் கட்டளை இப்படியே கொடுக்கும்போது எதையும் மாற்றாது. படித்துப் பார்த்து அறிக்கை மட்டும் தரும். பிரச்சினை எதுவும் இல்லை, மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவையில்லை என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால் நல்லது. பிழைகள் இருப்பதாக வந்தால், அதே கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் எஃப் என்ற எழுத்தும் சேர்த்து மறுபடி கொடுங்கள். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும் வட்டு என்பதால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது சரிபார்க்கவா என்று கேட்கும். ஒய் என்ற எழுத்தை அழுத்தி, என்டர் தட்டி, கணினியை மறுபடி தொடங்குங்கள். அது ஓடும்போது பாதியில் அணைத்துவிடக் கூடாது.

மூன்றாம் கட்டளை: எவ்வளவு சிதறியிருக்கிறது?

டிஃப்ராக் சி: /ஏ

எழுத்தெழுத்தாக: டி, இ, எஃப், ஆர், ஏ, ஜி. ஓர் இடைவெளி. சி, முக்காற்புள்ளி. ஓர் இடைவெளி. சாய்கோடு, ஏ.

இதுவும் பார்வையிடுவது மட்டும்தான். சில நிமிடங்களில் அறிக்கை வரும். வட்டின் மொத்த அளவு, காலியிடம், சிதறல் எத்தனை விழுக்காடு என்ற விவரங்கள் அதில் இருக்கும். கடைசியில், இந்த வட்டுக்கு டிஃப்ராக் தேவையா இல்லையா என்று விண்டோஸே பரிந்துரை சொல்லும். சிதறல் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் செய்வது நல்லது என்பது பொதுவான அளவுகோல். இரண்டு, மூன்று விழுக்காடுதான் என்றால் உங்கள் கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் சிதறல் அல்ல. வேறெங்கோ தேட வேண்டும்.

அறிக்கையில் இன்னொரு குறிப்பும் வரும்: 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று. திருமணக் காணொளி போன்ற பெரிய கோப்பு நான்கைந்து பெரும் துண்டுகளாகக் கிடந்தால் கவலையில்லை. நூறு மரத்தை ஒரே இடத்தில் வெட்டி முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஒருமுறை நடப்பது பெரிய நடை அல்லவே.

காலியிடத்தையும் கவனியுங்கள். வட்டில் குறைந்தது 15 விழுக்காடு காலியாக இருந்தால்தான் டிஃப்ராக் தன் வேலையை முழுமையாகச் செய்ய முடியும். 500 ஜிகாபைட் வட்டு என்றால் 75 ஜிகாபைட். சாமான் நிறைந்த வீட்டில் அலமாரியை நகர்த்த முடியாதல்லவா? தேவையற்ற காணொளிகள், பதிவிறக்கக் கோப்புறையில் குவிந்தவை, குப்பைத் தொட்டி ஆகியவற்றை முதலில் காலி செய்யுங்கள். துண்டு சேர்த்த பிறகு அழித்தால் மறுபடியும் ஆங்காங்கே ஓட்டை விழும்.

நான்காம் கட்டளை: வேலை

டிஃப்ராக் சி: /ஓ /யு

முன் கட்டளை போலவே தட்டச்சு செய்து, ஏ-க்குப் பதிலாக ஓ, பிறகு ஓர் இடைவெளி விட்டு இன்னொரு சாய்கோடு, யு.

ஓ என்பது வட்டின் வகைக்கு ஏற்றதைச் செய் என்ற உத்தரவு. சுழலும் தட்டு என்றால் துண்டுகளைச் சேர்க்கும், எஸ்.எஸ்.டி. என்றால் டிரிம் செய்யும். யு என்பது வேலை எத்தனை விழுக்காடு முடிந்தது என்று திரையில் காட்டச் சொல்வது. விண்டோஸ் 7-இல் ஓ கிடையாது. சாய்கோடு யு மட்டும் போதும்.

எவ்வளவு நேரம் ஆகும்? வட்டின் அளவும் சிதறலும் பொறுத்தது. அரை மணி நேரத்தில் முடியலாம். நான்கைந்து மணி நேரமும் ஆகலாம். பல சுற்றுகளாக ஓடும். ஒரு சுற்று நூறு விழுக்காடு வந்து, அடுத்த சுற்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் பயப்பட வேண்டாம்.

இரவில் படுக்கப் போகும் முன் தொடங்குவது வசதி. மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். மூடியைச் சாத்தினால் கணினி உறங்கிவிடும் என்பதால் திறந்தே வையுங்கள். இடி மின்னலோடு மழை வரும் மாலைப் பொழுதைத் தவிர்ப்பது நல்லது. பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள். கன்ட்ரோல் விசையோடு சி என்ற எழுத்தை அழுத்தினால் நின்றுவிடும். அதுவரை சேர்த்தது சேர்த்தபடியே இருக்கும். மீதியை வேறொரு நாள் தொடரலாம்.

கணினியில் டி என்றோ இ என்றோ இன்னொரு வட்டும் சுழலும் வகையாக இருந்தால், சி-க்குப் பதிலாக அந்த எழுத்தை இட்டு அதே வேலையைச் செய்யலாம். குடும்பப் படங்களைச் சேமித்து வைத்திருக்கும் வெளிப்புற வன்தட்டுக்கும் இது பொருந்தும்.

விண்டோஸ் தானாகவே செய்யாதா?

செய்யும். விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் விடியற்காலை ஒரு மணிக்கு என்று நேரம் குறிக்கப்பட்டிருந்தது. பிந்தைய விண்டோஸ், கணினி சும்மா இருக்கும் நேரம் பார்த்துத் தன் பராமரிப்பு வேலைகளோடு சேர்த்து வாரம் ஒருமுறை செய்ய முயல்கிறது. ஆனால் மின்சாரம் செருகியிருக்க வேண்டும், கணினி திறந்திருக்க வேண்டும், யாரும் பயன்படுத்தாமலும் இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. மின்கட்டணத்தை நினைத்து, வேலை முடிந்த கையோடு கணினியை அணைத்துவிடுகிறோம். மடிக்கணினி என்றால் சார்ஜ் ஏறியதும் பிடுங்கிவிடுகிறோம். இப்படிச் சிக்கனமாகப் புழங்கும் வீட்டில் அந்தத் தானியங்கிப் பராமரிப்புக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. தமிழ்ப்பள்ளிக் கணினி அறையிலும் ஆலய அலுவலகத்திலும் மணி அடித்ததும் முக்கிய மின்விசையையே அணைக்கும் வழக்கம் இருந்தால் அங்கும் இதே கதைதான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்றாம் கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பது இத்தகைய இடங்களுக்கு நல்ல வழக்கம்.

இது எதைச் செய்யாது?

டிஃப்ராக் செய்தால் வட்டில் இடம் கூடாது. வைரஸ் போகாது. இணைய வேகம் ஏறாது. நினைவகம் போதாத கணினிக்கு நினைவகம் வளராது. தொடங்கும்போதே பத்து மென்பொருள்கள் தாமாக எழுந்து நிற்கும் கணினியில், முதலில் அவற்றைக் குறைப்பதுதான் பலன் தரும். அதே டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்டப்’ என்ற பகுதிக்குப் போய், தேவையற்றவற்றை ‘டிசேபிள்’ செய்யலாம்.

சுழலும் தட்டு எவ்வளவுதான் ஒழுங்காக இருந்தாலும், அது நடந்து போகும் வெட்டுக்காரர்தான். அந்தத் தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினால் அதே பழைய கணினியில் தெரியும் வேகம் வேறு எந்த வைத்தியத்திலும் தெரியாது. புதிய கணினி வாங்குவதோடு ஒப்பிட்டால் அது சிறு செலவு. கடையில் இதைச் செய்யச் சொல்லும்போது, பழைய தட்டில் இருப்பதை அப்படியே புதியதுக்கு நகலெடுத்துத் தரும்படியும், கழற்றிய பழைய தட்டைத் திருப்பிக் கொடுக்கும்படியும் கேளுங்கள். அதில் இருப்பவை உங்கள் குடும்பத்தின் படங்களும் கடவுச்சொற்களும். அது கடைக்காரரின் மேசையில் கிடக்க வேண்டிய பொருள் அல்ல.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வேகத்தைச் சரிசெய்த பழைய கணினி பிள்ளையின் பாட வேலைக்கு நன்றாகவே உழைக்கும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியாக அதை வைத்துக்கொள்வதற்கு முன்பு பாதுகாப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

கருப்புத் திரையும் மோசடிக் குரலும்

இந்தக் கட்டளைகளைத் தெரிந்துகொள்வதில் இன்னொரு நன்மை இருக்கிறது. ‘உங்கள் கணினியில் பழுது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது’ என்று தொலைபேசியில் அழைத்து, கருப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, ஓடும் எழுத்துகளைக் காட்டி மிரட்டுவது உலகெங்கும் நடக்கும் பழைய மோசடி. கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள்; பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். வயதானவர்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். அந்தத் திரை எதற்கு என்றே தெரியாதவருக்கு அதில் ஓடும் எழுத்தெல்லாம் ஆபத்தாகத்தான் தெரியும்.

கருப்புத் திரை ஒரு கருவி, அவ்வளவுதான். நாம் திறந்தால்தான் அது திறக்கும். உங்கள் கணினி மெதுவாக இருக்கிறது என்பது வெளியிலிருந்து அழைக்கும் எவருக்கும் தெரிய வழியில்லை. அப்படி யாராவது அழைத்தால் தொடர்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழையுங்கள். ‘ஒரே சொடுக்கில் கணினியைப் பறக்க வைக்கும்’ என்று விளம்பரம் செய்யும் இலவசத் துப்புரவு மென்பொருள்களிலும் எச்சரிக்கை தேவை. விண்டோஸிலேயே இருப்பதைச் செய்துவிட்டுக் காசு கேட்பவை அவற்றில் உண்டு. அதைவிட மோசமானவையும் உண்டு.

சுருக்கமாகச் சொன்னால் வரிசை இதுதான். முதலில் நகல். பிறகு வட்டின் வகையும் நலமும். பிறகு கணக்குப் புத்தகம். பிறகு சிதறலின் அளவு. கடைசியில்தான் துண்டு சேர்ப்பு. வீட்டில் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்வது அவர்களுக்கு ஒரு நொடி வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று பால்மரக் கணக்கில் விளக்குவது உங்கள் வேலை. கடைக்குப் போகத்தான் வேண்டும் என்று கடைசியில் முடிவானாலும் பரவாயில்லை. என்ன வட்டு, எந்த நிலையில் இருக்கிறது, எதை அழிக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போகிறவரிடம் எந்தக் கடைக்காரரும் பார்த்துத்தான் பேசுவார்.